கூட்டு எதுக்கு, குத்து எப்போ: டிப்ளமசி ஆடப் பழகுவோருக்கு

ஏழு பேர், ஓர் ஐரோப்பா வரைபடம். பகடை கிடையாது, சீட்டுக்கட்டு கிடையாது. டிப்ளமசி என்ற பலகை விளையாட்டில் அதிர்ஷ்டத்துக்கு வேலை ஒரே ஒரு தடவைதான்: யாருக்கு எந்த நாடு என்று குலுக்கிப் போடும்போது. அதன் பிறகு பேச்சும் கணக்கும்தான். பேசியவர் பேசியபடி நடக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. அதனால்தான் முதல் தடவை ஆடுபவர்கள் இதைப் பொய் சொல்லும் விளையாட்டு என்று நினைத்து உட்காருகிறார்கள். மூன்றாவது சுற்றிலேயே தனித்து விடப்பட்டு, பாதி ஆட்டத்தில் டீ போடும் பொறுப்புக்கு மாறிவிடுகிறார்கள்.

இதை உருவாக்கியவர் ஆலன் கேலமர் என்ற அமெரிக்கர். 1954-ல் வடிவம் கொடுத்து, 1959-ல் சொந்தச் செலவில் 500 பெட்டிகள் அச்சிட்டு விற்றார். பிற்காலத்தில் அவர் தபால்காரராக வேலை பார்த்தார். 1963 முதல் இந்த ஆட்டத்தைத் தபாலிலேயே ஆடும் கூட்டம் ஒன்றும் கிளம்பியிருந்தது என்பதை நினைத்தால் வேடிக்கைதான்.

முதலில் கணக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி என்று ஏழு நாடுகள். வரைபடத்தில் 34 இடங்களில் புள்ளி இருக்கும். அவைதான் சப்ளை சென்டர்கள். ரஷ்யாவுக்கு 4, மற்ற ஆறு பேருக்கும் தலா 3 என்று 22 சென்டர்கள் ஆரம்பத்திலேயே சொந்தம். பெல்ஜியம், செர்பியா, துனிஸ் மாதிரி மீதி 12 யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். ஒரு சென்டருக்கு ஒரு காய்: தரையில் ஆர்மி, கடலிலும் கடற்கரையிலும் ஃப்ளீட், அதாவது கப்பற்படை. 18 சென்டர் பிடித்தவர் தனியாக ஜெயிக்கிறார்.

ஆட்டம் 1901 வசந்தத்தில் தொடங்கும். ஒவ்வோர் ஆண்டிலும் வசந்தம், இலையுதிர்காலம் என்று இரண்டு நகர்வுகள். எந்த சென்டர் யாருக்கு என்ற கணக்கு இலையுதிர்காலம் முடிந்த பிறகு மட்டுமே எடுக்கப்படும். சென்டர் கூடியவர் தன் சொந்த நாட்டில், காலியாக இருக்கும் சென்டரில் புதுக் காய் வைக்கலாம். குறைந்தவர் காயை எடுத்துவிட வேண்டும். இந்த விதியை மட்டும் அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டாளிக்குச் செய்யும் துரோகத்தின், அதாவது குத்தின், நேரத்தைத் தீர்மானிப்பதே இதுதான்.

நகர்வை யாரும் முறை வைத்து ஆடுவதில்லை. எல்லாரும் தனித்தனியாகத் துண்டுத் தாளில் ஆர்டர் எழுதி மடித்துப் போட, ஒரே நேரத்தில் பிரித்து வாசிப்பார்கள். ஆர்டரில் நாலே வகை: நிற்பது, நகர்வது, இன்னொரு காய்க்கு சப்போர்ட் கொடுப்பது, ஃப்ளீட் மூலம் ஆர்மியைக் கடல் தாண்டி ஏற்றிவிடுவது.

இனி சப்போர்ட். எல்லாக் காய்க்கும் பலம் ஒன்றுதான். மியூனிக்கில் ஒரு ஜெர்மன் ஆர்மி நிற்கிறது. பர்கண்டியிலிருந்து பிரெஞ்சு ஆர்மி அதன்மேல் போனால் ஒன்றுக்கு ஒன்று. முட்டிக்கொண்டு அவரவர் இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். இதை பவுன்ஸ் என்பார்கள். டைரோலியாவில் நிற்கும் இத்தாலிய ஆர்மி, ‘பர்கண்டியிலிருந்து மியூனிக் போவதற்கு சப்போர்ட்’ என்று எழுதினால் இரண்டுக்கு ஒன்று. ஜெர்மன் ஆர்மி இடத்தை விட்டுக் கிளம்பியாக வேண்டும். பெர்லினில் இன்னொரு ஜெர்மன் ஆர்மி இருந்து மியூனிக் நிற்க சப்போர்ட் கொடுத்திருந்தால் இரண்டுக்கு இரண்டு, ஒன்றும் நடக்காது. வியன்னாவிலிருந்து ஓர் ஆஸ்திரிய ஆர்மி டைரோலியாவின்மேல் மோதினால், அந்த மோதல் தோற்றாலும் இத்தாலியின் சப்போர்ட் அறுந்துபோகும்.

மூன்று காயோடு ஆட்டம் தொடங்குபவர், இரண்டு காயைச் சேர்த்தால்தான் ஓர் இடத்தைப் பிடிக்க முடியும் என்றால், தன் எல்லைகளையும் காத்துக்கொண்டு தனியாக எத்தனை இடம் பிடிப்பார்? கூட்டணி தேவைப்படுவது நல்லெண்ணத்தால் அன்று. பலகையின் கணக்கே அப்படி. அதே கணக்குதான் கூட்டணியை உடைக்கவும் செய்கிறது. 34-ஐ இரண்டு பேர் சமமாகப் பிரித்தால் 17, 17. ஒருவருக்கும் வெற்றியில்லை, டிரா. இன்னும் ஒரே ஒரு சென்டர், அதுவும் கூட்டாளியுடையது, கிடைத்தால் 18. எவ்வளவு நல்ல கூட்டணியிலும் இந்த ஒரு சென்டர் நடுவில் கிடக்கும்.

கூட்டணி பேசும்போது புதியவர்கள் வழக்கமாகச் சொல்வது இப்படி இருக்கும்: “மாப்ள, நாம ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் ஒண்ணா நிப்போம்டா.” கேட்க நன்றாக இருக்கும், உள்ளே ஒன்றும் இல்லை. யார் எங்கே போவது என்று சொல்லாத கூட்டணி முதல் ஆண்டிலேயே ஏதாவது ஒரு சென்டரில் முட்டிக்கொள்ளும். துருக்கி ஆடுபவர் ரஷ்யா ஆடுபவரிடம் பேச வேண்டிய விதம் வேறு (பிளாக் ஸீ என்பது இருவருக்கும் நடுவே உள்ள கருங்கடல்; செவஸ்தபோல் ரஷ்யாவின், அங்காரா துருக்கியின் சொந்த சென்டர்):

“அண்ணே, பிளாக் ஸீக்குள்ள நானும் வரல, நீங்களும் வராதீங்க. ருமேனியா உங்களுக்கு, பல்கேரியா எனக்கு. செர்பியாவை நான் எடுத்தா புடாபெஸ்ட் நீங்க எடுத்துக்கங்க. செவஸ்தபோல்ல புதுசா ஃப்ளீட் வைக்காதீங்க, நானும் அங்காராவுல வைக்க மாட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி பேசிக்குவோம்.”

இதில் நாலு சங்கதி இருக்கிறது: எந்த சென்டர் யாருக்கு, எந்த இடம் காலியாக இருக்க வேண்டும், என்ன காய் எங்கே வைக்கக் கூடாது, எப்போது மறுபடி பேசுவது. மூன்றாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பங்கும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒருவர் இரண்டு ஆண்டில் 3 சென்டர் கூட, மற்றவர் வெறுமனே சப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தால், குத்தப் போவது யார் என்று சொல்ல ஜோசியம் வேண்டியதில்லை. மேற்கே இந்தச் சண்டைக்கு நிரந்தரக் காரணம் பெல்ஜியம். முதல் ஆண்டில் பிரான்ஸுக்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும், இங்கிலாந்துக்கு நார்வே, ஜெர்மனிக்கு டென்மார்க்கும் ஹாலந்தும் இயல்பாகப் போய்ச் சேரும். பெல்ஜியத்தை யாருக்கு என்று பேசி முடிக்காத எந்த இரண்டு பேரும் மூன்றாமவருக்குத்தான் லாபம் செய்கிறார்கள்.

நம்பிக்கையே இல்லாத இருவரும் கூட்டு வைக்கலாம். புதியவர்கள் கவனிக்காமல் விடும் வசதி இது. பிளாக் ஸீயைக் காலியாக விடுவோம் என்ற வாக்கை நம்ப முடியவில்லையா? இருவருமே அங்கே போவதாக எழுதிவிடுங்கள். அங்காரா ஃப்ளீட்டும் செவஸ்தபோல் ஃப்ளீட்டும் ஒன்றோடொன்று மோதி அவரவர் இடத்துக்கே திரும்பும், கடல் காலியாகவே கிடக்கும். பேசி வைத்த பவுன்ஸ் என்பது இதுதான். ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் தங்களுக்கு நடுவே உள்ள கலீசியாவில் இதையே செய்வார்கள். வாக்குத் தவறி ஒருவர் வேறு பக்கம் போனால் மற்றவர் உள்ளே நுழைந்துவிடுவார். ஆகவே ஏமாற்றியவருக்குத்தான் நஷ்டம்.

எப்போது குத்துவது?

பிடுங்கும் ஒவ்வொரு சென்டரும் உங்களுக்கு ஒன்று கூடுதல், அவருக்கு ஒன்று குறைவு, வித்தியாசம் இரண்டு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘குத்தலாமா’ என்பதில்லை. ‘இந்த ஒரே நகர்வில் எத்தனை சென்டர் வரும், அவர் திரும்பி அடிக்க எத்தனை நகர்வு ஆகும்’ என்பதுதான். ஒரு சென்டருக்காக எதிரியைச் சம்பாதித்துக்கொள்வது வீண்.

ரஷ்யா 8, துருக்கி 6 என்று வைத்துக்கொள்வோம். இருவரும் கூட்டாளிகள். ரஷ்யாவின் ஆர்மிகள் வியன்னா, போகிமியா, டைரோலியா என்று மேற்கே போய்விட்டன. ருமேனியாவில் ஒரு ரஷ்ய ஃப்ளீட், செவஸ்தபோல் காலி. துருக்கிக்கு ஆர்மேனியாவிலும் பல்கேரியாவிலும் தலா ஓர் ஆர்மி, பிளாக் ஸீயில் ஒரு ஃப்ளீட். இலையுதிர்காலத்தில் துருக்கி மூன்று வரி எழுதுகிறது: ஆர்மேனியா ஆர்மி செவஸ்தபோலுக்கு, பல்கேரியா ஆர்மி ருமேனியாவுக்கு, பிளாக் ஸீ ஃப்ளீட் அதற்கு சப்போர்ட்.

செவஸ்தபோல் சும்மாவே கிடைக்கிறது. ருமேனியா இரண்டுக்கு ஒன்றில் விழுகிறது. விழுந்த ஃப்ளீட் பின்வாங்கப் பக்கத்தில் மூன்றே இடங்கள்: செவஸ்தபோலிலும் பிளாக் ஸீயிலும் துருக்கி நிற்கிறது, அடித்தவர் கிளம்பி வந்த பல்கேரியாவுக்குப் போக விதி இடம் கொடுக்காது. ஆகவே காய் பலகையை விட்டே போகிறது. காலி செய்துவிட்டு வந்த பல்கேரியாவும் துருக்கி பெயரில்தான் இருக்கும். வேறொருவர் இலையுதிர்காலத்தில் வந்து உட்காரும்வரை சென்டர் கைமாறாது. கணக்கு எடுத்தால் துருக்கி 8, ரஷ்யா 6. ரஷ்யா இன்னொரு காயையும் எடுக்க வேண்டும். துருக்கி ஊரில் காலி இடம் இருந்தால் புதிதாக இரண்டு வைக்கும். வியன்னாவில் நிற்கும் ஆர்மி ருமேனியாவைத் தொடக் குறைந்தது இரண்டு நகர்வு, அதாவது முழுதாக ஓர் ஆண்டு. குத்து என்றால் இந்த மாதிரி இருக்க வேண்டும்.

இதையே வசந்தத்தில் செய்திருந்தால்? கணக்கு எடுப்பதற்கு முன் ரஷ்யாவுக்கு ஒரு நகர்வு மிச்சமிருக்கும். மாஸ்கோவில் ஓர் ஆர்மி நின்றிருந்தால் செவஸ்தபோலை மீட்க முயலும். அதைவிட முக்கியம், மற்ற ஐந்து பேரிடமும் பேச அவருக்குக் கால் மணி நேரம் கிடைத்துவிடும்.

கெட்ட குத்துக்கு உதாரணம் முதல் ஆண்டிலேயே கிடைக்கும். இத்தாலியின் வெனிஸும் ஆஸ்திரியாவின் ட்ரியெஸ்டும் ஒட்டினாற்போல் இருக்கின்றன. பலகையில் இப்படி இரண்டு நாட்டின் சொந்த சென்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது அங்கே மட்டும்தான். ஆஸ்திரியா நம்பி, ட்ரியெஸ்ட் ஃப்ளீட்டை அல்பேனியாவுக்கு நகர்த்துகிறது. 1901 வசந்தத்திலேயே இத்தாலி உள்ளே போய் உட்கார்கிறது. இலையுதிர்காலத்தில் வியன்னா, செர்பியா, அல்பேனியா மூன்றும் சேர்ந்து மீட்க வரலாம். அப்படியே இத்தாலி தாக்குப்பிடித்து, துனிஸும் சேர்ந்து, 5 சென்டர் ஆகிவிட்டது என்றே வையுங்கள். ஆஸ்திரியா படுத்துவிடும். ஆனால் பிணத்தைப் பங்கு போட வருவது ரஷ்யாவும் துருக்கியும். அவர்கள் செர்பியாவையும் புடாபெஸ்டையும் எடுத்துக்கொண்டு, அடுத்த ஓரிரண்டு ஆண்டில் துருக்கி ஃப்ளீட் அயோனியன் கடலில் வந்து நிற்கும். அப்போது இத்தாலிக்குத் தோள் கொடுக்க ஆஸ்திரியா இருக்காது. புதியவர்கள் இத்தாலி ஆடினால் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். சும்மா கிடைத்ததே என்று எடுப்பதுதான்.

குத்து வருமுன் தெரியுமா?

பெரும்பாலும் தெரியும், வாயைப் பார்க்காமல் காயைப் பார்த்தால். ஆர்மேனியாவில் துருக்கி ஆர்மி வந்து நிற்கிறது என்றால், என்ன சமாதானம் சொன்னாலும் சரி, அங்கிருந்து செவஸ்தபோலைத் தவிர உருப்படியாகப் போகும் இடம் வேறு கிடையாது. மேலே சொன்ன ரஷ்யாவுக்கு அது ஒரு நகர்வு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். பிளாக் ஸீ ஃப்ளீட் இரண்டாவது எச்சரிக்கை மணி. இலையுதிர்காலக் கணக்கு முடிந்து, குளிர்காலத்தில் வைக்கும் புதுக் காய் இன்னும் தெளிவாகப் பேசும். பிரான்ஸ் மார்செய்யில் ஃப்ளீட் வைத்தால் கண் மத்தியதரைக் கடலில். பிரெஸ்டில் வைத்தால் இங்கிலாந்து படுக்கையை விட்டு எழ வேண்டும். ரஷ்யா செவஸ்தபோலில் ஃப்ளீட் வைத்தால் அதைத் துருக்கிக்கு எதிராகத் தவிர வேறெங்கும் ஓட்ட இடமில்லை.

பேச்சிலும் ஓர் அடையாளம் உண்டு: கூட்டாளி திடீரென்று கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார். முந்தின சுற்றுவரை ‘நீங்க எங்கே போறீங்க, நான் எங்கே சப்போர்ட் பண்ணணும்’ என்று துளைத்தவர், ‘எல்லாம் பேசினபடிதான்’ என்று ஒரே வரியில் முடித்தால் அந்தச் சுற்றில் வீட்டுக்கு ஒரு காயை அனுப்பி வையுங்கள்.

எழுத்துப் பிழைக்கும் துரோகத்துக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிய வேண்டும். சப்போர்ட் எழுதியவர் சொன்ன நகர்வும், சப்போர்ட் வாங்கியவர் செய்த நகர்வும் அச்சு அசலாகப் பொருந்தாவிட்டால் அது செல்லாது. ‘புடாபெஸ்ட் நிற்க சப்போர்ட்’ என்று எழுதிவிட்டு, புடாபெஸ்ட் ருமேனியாவுக்குக் கிளம்பியிருந்தால் பயனில்லை. முதல் சில ஆட்டங்களில் இது நிறைய நடக்கும். ‘தெரியாம எழுதிட்டேன்ணே’ என்று ஒருவர் சொன்னால், அந்தப் பிழையால் அவருக்கு சென்டர் ஏதும் கூடியதா என்று மட்டும் பாருங்கள்.

குத்து வாங்கியபின் கோபத்தில் தாளைக் கிழித்துப் போடுபவர் எதிராளிக்கு மிச்சக் காரியத்தையும் முடித்துக் கொடுக்கிறார். 3 காய் மிச்சமிருந்தாலும் பேரத்துக்கு அது போதும். டிரா என்று முடிந்தால் பலகையில் ஒரு சென்டரோடு இருப்பவருக்கும் சம பங்கு உண்டு என்பது பழைய விதி. இரண்டு வழிகள்: குத்தியவரின் அடுத்த பக்கத்து எதிரியிடம் போய், ‘என் காயை நீ சொல்ற இடத்துல வைக்கிறேன், என்னை உயிரோட விடு’ என்பது. அல்லது குத்தியவரிடமே போய், ‘மேல வந்தா என் சென்டர் எல்லாத்தையும் மூணாமவனுக்குக் கொடுத்துட்டுப் போவேன்’ என்பது. இரண்டாவது மிரட்டல் பலமுறை பலிக்கும். குத்தியவருக்கும் அந்தப் பக்கம் படை நிறுத்திவைப்பது செலவு.

ஒருவர் 10, 11 சென்டர் தாண்டியதும் மற்றவர்கள் பழைய பகையை மறந்து எதிர்த்து நிற்க வேண்டும். அப்படி நிற்பவர்களுக்குப் பலகையில் சில வரிசைகள் உண்டு: சரியான இடங்களில் காய்களை நிறுத்தி ஒருவருக்கொருவர் சப்போர்ட் எழுதினால் எதிர்ப்பக்கம் எத்தனை பேர் வந்தாலும் நுழைய முடியாது. அந்த வரிசைக்குப் பின்னால் 17 சென்டர் இருந்தால் டிரா உறுதி. அதை உடைப்பதற்கு ஒரே வழி, வரிசையில் நிற்கும் ஒருவரைப் பேசிக் கலைப்பது. மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க ஐரோப்பா தேவையில்லை. 1763-64-ல் மதுரைக் கோட்டைக்குள் இருந்த யூசுப் கானை (மருதநாயகம்) ஆங்கிலேயப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. கூடவே இருந்த பிரெஞ்சு அதிகாரி மார்ச்சாந்தும் மற்றவர்களும்தான் பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15-ல் அவர் தூக்கிலிடப்பட்டார்; அடக்கத்தலம் சம்மட்டிபுரத்தில் இருக்கிறது.

எவ்வளவு பொய் தேவை என்று கேட்டால், நினைப்பதைவிடக் குறைவு. 2022-ல் மெட்டா நிறுவனம் சிசெரோ என்ற கணினி நிரலை இணையத்தில் முகம் தெரியாத மனிதர்களோடு 40 ஆட்டம் ஆடவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்துக்குள் அது வந்தது. பெருமளவு உண்மை பேசும்படிதான் அதை வடிவமைத்திருந்தார்கள். ஏழு ஆண்டு ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை பொய் சொல்பவரின் பொய்தான் விலை போகும். சுற்றுக்குச் சுற்று புளுகுபவர் கடைசியில் உண்மையைச் சொன்னாலும் யாரும் காயை நகர்த்த மாட்டார்கள்.

வீட்டில் ஆடுவதற்கு

இறக்குமதிப் பெட்டி விலை அதிகம். மூன்றடிக்கு இரண்டடி ஃப்ளெக்ஸில் வரைபடத்தை அடித்துக்கொண்டால் போதும். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்கு மதுரையில் பஞ்சமா? ஆர்மிக்குச் சட்டைப் பொத்தான், ஃப்ளீட்டுக்குப் புளியங்கொட்டை, ஏழு நிறத்தில் நெயில் பாலிஷ். ஒரு நாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு காய் தாராளம்.

நேரம்: முதல் நகர்வுக்கு முன் பேச அரை மணி, பிறகு ஒவ்வொரு நகர்வுக்கும் 15 நிமிடம். 1901 முதல் 1907 வரை 14 நகர்வு என்றால் பேச்சுக்கு மட்டும் மூன்றே முக்கால் மணி; ஆர்டர் பிரித்து வாசிக்கச் சுற்றுக்கு ஏழெட்டு நிமிடம் சேர்த்தால் ஐந்தரை மணி. முகூர்த்த நாள், சித்திரைத் திருவிழா வாரம் எல்லாம் தவிர்த்துத் தேதி குறியுங்கள். ஆறு பேரோடு ஆடினால் ஆட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ரகசியம் பேச மூன்று இடமாவது வேண்டும்: மொட்டை மாடி, மாடிப்படி, வாசல். கோடை என்றால் மாடி ஐந்து மணிக்குப் பிறகுதான். வாட்ஸ்அப்பில் பேசலாமா கூடாதா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பேசவிட்டால் யார் யாரோடு சேருகிறார் என்று பார்த்துக் கணிக்கும் சுவை போய்விடும்.

இரண்டு வீட்டு விதிகள் கட்டாயம். ஒன்று, சத்தியம் கூடாது. அம்மா மேல், அழகர் மேல், மீனாட்சி மேல் என்று யாராவது ஆரம்பித்தால் அந்தச் சுற்றில் அவர் பேசும் நேரம் முடிந்தது. பொய் பலகைக்குள் இருக்க வேண்டும். இரண்டு, பலகைக்கு வெளியே உள்ளதைப் பேரத்தில் சேர்க்கக் கூடாது. ‘அடுத்த ஆட்டத்துல பாத்துக்கறேன்’, ‘கொடுத்த கடனைக் கேட்க மாட்டேன்’, மச்சான் என்பதற்காக விட்டுக்கொடுப்பது, இதெல்லாம் மற்ற ஐந்து பேரின் ஆட்டத்தைக் கெடுத்துவிடும். கணவன் மனைவி இருவரும் ஆடினால் பக்கத்துப் பக்கத்து நாடு கொடுங்கள். இங்கிலாந்தும் துருக்கியுமாகப் பிரித்து வைத்தால் அவர்களுக்குள் சண்டைக்கே காரணம் இராது, ஆட்டம் முழுக்க ஒரே கட்சிதான்.

ஆட்டத்தை எப்போது முடிப்பது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘1907-ல் முடிக்கிறோம்’ என்று அறிவித்துவிட்டால் 1907 இலையுதிர்காலத்தில் எல்லாரும் எல்லாரையும் குத்துவார்கள், ஏனென்றால் திருப்பி அடிக்க அடுத்த சுற்று கிடையாது. அது தெரிந்தவர் வசந்தத்திலேயே முந்திக்கொள்வார். அதுவும் தெரிந்தவர் 1906-லேயே. இதைத் தடுக்கக் கடைசி ஆண்டைத் தெரியாமல் வைப்பதே வழி. 1906 முதல் ஒவ்வோர் ஆண்டுக் கணக்கு முடிந்ததும் இரண்டு தாயக்கட்டைகளை உருட்டுங்கள். தாயம், 5, 6, 12 இவற்றில் ஒன்று விழுந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. 0 முதல் 3 வரை உள்ள கட்டை இரண்டில் (இரண்டும் 0 என்றால் 12) இந்த எண்கள் விழ 16-க்கு 6 வாய்ப்பு. ஒன்றும் விழாவிட்டால் அடுத்த ஆண்டுக்குத் தாளைக் கிழித்துக் கொடுங்கள்.